ஆறு பேரின் கையெழுத்து

செஞ்சி
12-7-1964

அன்புள்ள அக்காவுக்கு அனந்தமதி எழுதுவது. இங்கே நைனா, அம்மா, புஷ்பதந்தன் அண்ணன், நான் எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. அங்கே நீயும் இளையபெருமாள் மாமாவும் சுகமா?

நீ வீட்டை விட்டுப் போன மூன்று வருடத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. என்னோடு படிக்கும் ஆண்டாளின் சித்தப்பா முன்பு மாமாவோடு தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவராம். அவரிடம்தான் உன் கடலூர் விலாசம் கிடைத்தது. பதில் போட்டால் ஆண்டாள் பெயருக்கு, சிங்கவரத்தில் அவள் வீட்டுக்குப் போடு. அவள் பூகோளப் புத்தகத்தில் வைத்துக் கொண்டுவந்து தருவாள். வீட்டுக்கு மட்டும் போட்டுவிடாதே. நைனா உன் பெயரை ரேஷன் கார்டிலிருந்தே எடுக்கச் சொல்லிவிட்டார். நான் எழுதுவது தெரிந்தால் மறுநாளே என் படிப்பு நின்றுவிடும். எல்லாரும் படுத்த பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அண்ணன் இருமினால்கூடக் கை நின்றுவிடுகிறது.

ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், நான் பள்ளிக்கூடத்தில் பூப்பந்து ஆடுகிறேன். அக்டோபரில் மாவட்டப் போட்டி, உன் ஊரில்! ஆனால் நாங்கள் ஆறு பேர் இருக்கிறோம். ஒரு பள்ளிக்கு ஐந்து பேர்தான் வரலாம் என்று தாள் வந்துவிட்டது. டிரில் டீச்சர் எங்களைக் கூப்பிட்டு, "நான் ஒருத்திய நிறுத்தினா சாயந்திரமே அவங்கப்பா வந்து நிப்பாரு. போன வருசம் பட்டது போதும். யார் நிக்கறது, அத எப்படி முடிவு பண்றது, ரெண்டையும் நீங்களே பேசிக்குங்க. ஆறு பேரும் ஒத்துக்கினு கையெழுத்து போட்ட தாள் எனக்கு வேணும்" என்று சொல்லிவிட்டார்.

எப்படி முடிவு செய்வது என்பதிலேயே சண்டை. ரஞ்சிதம், "ஓட்டு போடுவோம். நாட்டையே ஓட்டு போட்டுத்தான் நடத்தறாங்க" என்றாள். எங்களில் நன்றாக ஆடுபவள் அவள்தான். ரத்தினம்மாள், "ஓட்டு போட்டா உன் வாய்க்கு உன்னத்தான்டி நிறுத்துவாங்க" என்றாள். ஆண்டாள் கேப்டன். "நான் சொல்றேன், கேக்கறீங்களா?" என்று கேட்டாள். உடனே ரஞ்சிதம், "நீயா? ஒட்டிக்கினே திரியறியே, அவள நிறுத்திடுவியா இன்னா?" என்று என்னைக் காட்டினாள். இன்னொருத்தி, வயதில் சின்னவள் நிற்கட்டும் என்றாள். சின்னவளும் நான்தான், மட்டமாக ஆடுபவளும் நான்தான்.

எனக்குப் போட்டி பெரிதில்லை அக்கா. உன்னைப் பார்க்க எனக்கு வேறு வழி இல்லை. நாங்கள் எந்த முறையை வைத்துக்கொள்வது? நீ சொல்.

உன் தங்கை,
அனந்தா

*

கடலூர்
25-7-1964

என் அனந்தாவுக்கு ஆசிகள். உன் கடிதம் பழைய வீட்டுக்குப் போய்ச் சுற்றி வந்ததால் பதில் தாமதம். நான் நலம். அவரும் நலம். அம்மா காலுக்கு நொச்சி இலை போட்ட வெந்நீரை ஊற்றச் சொல்.

வீடு மாற்றியாகிவிட்டது. இனிமேல் கீழே எழுதியிருக்கும் தையல் பள்ளி விலாசத்துக்குப் போடு. பகலெல்லாம் அங்கேதான் இருக்கிறேன்.

நைனா எப்படி அனுமதித்தார் என்று நீ எழுதவில்லையே. கையெழுத்து வாங்கிவிட்டாயா?

நீ கேட்டதற்கு என் யோசனை, சீட்டுப் போட்டுப் பாருங்கள். ஓட்டுப் போட்டால் யார் யாருக்கு வேண்டாதவள் என்பது வெளியே வந்துவிடும். வந்ததைத் திரும்ப உள்ளே வைக்க முடியாது. சீட்டென்றால் யார்மேலும் பழி இல்லை. மனிதர்கள் முடிவு செய்தால் களைப்புத்தான் மிஞ்சுகிறது.

நீ வந்தால் மைதானத்துக்கே நான் வருகிறேன். வீட்டைத் தேடிக்கொண்டு அலைய வேண்டாம்.

தர்மவதி

*

செஞ்சி
6-8-1964

அக்காவுக்கு வணக்கம். இங்கே யாவரும் சுகம். நொச்சி வெந்நீர் அம்மாவுக்கு இதமாக இருக்கிறதாம். யார் சொன்னது என்று கேட்டாள். ஆண்டாளின் அம்மா என்று பொய் சொன்னேன். உன் உடம்பு எப்படி? தைத்துத் தைத்து முதுகு வலிக்கிறதா?

நைனா கையெழுத்துப் போட்டுவிட்டார். தாளில் 'மாவட்டப் போட்டி' என்று மட்டும்தான் இருந்தது. ஊர் பெயர் இல்லை. நானும் சொல்லவில்லை.

உன் கடிதம் வருவதற்குள் ரஞ்சிதம் பிடிவாதமாக ஓட்டுப் போட வைத்துவிட்டாள். பிரித்துப் பார்த்தால் ரஞ்சிதத்தை நிறுத்த நான்கு ஓட்டு, என்னை நிறுத்த இரண்டு. "நாலு பேரா?" என்று மட்டும் கேட்டாள் ரஞ்சிதம். கையெழுத்துப் போட மாட்டேன் என்று மட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து பந்து அவள் பக்கம் போனாலும் யாரும் கூப்பிடுவதில்லை. அவள் ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்து எண்ணிக்கொண்டிருக்கிறாள். நான்கில் ஒன்று என்னுடையது அக்கா. அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. நான் போக வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு நீ சொன்னதைச் சொன்னேன். எல்லாருக்கும் அப்பாடா என்று இருந்தது. ரஞ்சிதமும் வந்தாள். ஆறு சீட்டு எழுதி ரத்தினம்மாளின் டிபன் டப்பாவில் போட்டுக் குலுக்கினார்கள். "சின்னவ எடுக்கட்டும். சின்னவ கைக்குச் சூது தெரியாது" என்று என் முன்னால் நீட்டினார்கள்.

நான் எடுக்கவில்லை. எழுந்து ஓடிவந்துவிட்டேன். இன்னும் தாள் வெறும் தாளாகத்தான் இருக்கிறது.

அனந்தா

*

செஞ்சி
9-8-1964

அக்கா, போன கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் இதையும் எழுதிவிடுகிறேன். பிறகு தைரியம் வராது. நலம் விசாரிக்கவில்லை என்று நினைக்காதே.

உனக்கும் மாமாவுக்கும் கல்யாணம் செய்யலாமா என்று நைனா பத்மாவதி அம்மன் படத்துக்கு முன்னால் பூ கட்டிப் பார்த்தாரே, அன்றும் அம்மா இதையேதான் சொன்னாள். சின்னவள் கைக்குச் சூது தெரியாது என்று. நான் எடுக்கும் இலைப் பொட்டலத்தில் வெள்ளைப் பூ வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் பேச்சே இல்லை. எது வந்தாலும் கட்டுப்படுகிறேன் என்று நீயும் ஒப்புக்கொண்டாய்.

ஒரு பொட்டலத்தில் இலை மடிப்புக்கு வெளியே சிவப்பு இதழ் கொஞ்சம் தெரிந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அதை எடுத்தேன். நீ வேறு ஊருக்குப் போய்விடுவாய், எனக்குத் தலை பின்ன ஆள் இருக்காது என்று நினைத்தேன். எனக்குப் பதினொரு வயது.

நாலாம் நாள் விடியற்காலையில் நீ போய்விட்டாய். நைனா இன்றுவரை சொல்வது ஒன்றுதான். "வேற சாதியில கட்டினான்னு எனக்குக் கோவம் இல்ல. ஒத்துக்கினு மீறினா பாரு, அதான்." அவர் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. கிழித்துப் போட்டுவிடு.

அனந்தா

*

செஞ்சி
2-9-1964

அக்காவுக்கு. நான் சுகம். நீ சுகமா, உயிரோடு இருக்கிறாயா என்றாவது ஒரு வரி எழுது. தினமும் ஆண்டாள் முகத்தைப் பார்க்கிறேன், அவள் தலையை ஆட்டிவிட்டு நகர்கிறாள். இருபது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. கடிதம் வேறு யார் கையிலாவது சிக்கிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. அதைவிட, உன் கையில் கிடைத்து நீ எழுதாமல் இருக்கிறாயோ என்றுதான் பயம்.

டீச்சர் இருபதாம் தேதி வரை கெடு கொடுத்திருக்கிறார். அதற்குள் ஆறு கையெழுத்து இல்லையென்றால் யாரையும் அனுப்ப மாட்டாராம்.

அனந்தா

*

கடலூர்
8-9-1964

அனந்தாவுக்கு. கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. உன்மேல் கோபத்தில் எழுதாமல் இருக்கவில்லை. உட்கார்ந்து எழுதத் தெம்பு இல்லை, அவ்வளவுதான். காய்ச்சல் வந்து போய்விட்டது.

அன்று உன் விரல் முதலில் இன்னொரு பொட்டலத்தின் மேல் போய் நின்றதைப் பார்த்தேன். பிறகு திரும்பியதையும் பார்த்தேன். நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ இத்தனை வருடம் சுமந்துகொண்டிருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை, என் புத்தி அப்படி.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு இவரைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நான் ஒரு நாளும் நைனா முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை. அவரும் வேண்டாம் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை. இருவருக்கும் பயம். பூ சொல்லட்டும் என்று உன்னை நடுவில் உட்கார வைத்துவிட்டோம். பதினொரு வயதுக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு, பழி இல்லை என்று நினைத்தோம். சீட்டுப் போடச் சொல்லி உனக்கும் அதையே எழுதியிருக்கிறேன் பார். அதைத் தள்ளிவிடு.

ஆறு பேரும் உட்கார்ந்து வாயைத் திறந்து சொல்லுங்கள். ஏன் போக வேண்டும், நின்றால் என்ன இழப்பு என்று. ஒருத்தி பேசும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது. யாருக்கும் மறுப்பு இல்லை என்ற இடம் வரும் வரைக்கும் சுற்றிச் சுற்றிச் சொல்லுங்கள். நாள் பிடிக்கும்.

இன்னொன்று. கடைக்கு வாங்கிய மல்லாட்டை மூட்டை வழக்குக்காகக் கடலூர் கோர்ட்டுக்கு நடையாய் நடந்தவர் நைனா. மாவட்டப் போட்டி எங்கே நடக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

தர்மவதி

*

செஞ்சி
19-9-1964

அக்காவுக்கு அனேக நமஸ்காரம். காய்ச்சல் முழுதும் விட்டதா? என்ன சாப்பிடுகிறாய்? மாமா பார்த்துக்கொள்கிறாரா? போன கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

ஆறு கையெழுத்தும் ஆகிவிட்டது! மூன்று சாயங்காலம் பிடித்தது. முதல் நாள் ஆறு பேரும் "எனக்குப் போகணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தோம். ரத்தினம்மாளுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. இரண்டாம் நாள் அவளே தொடங்கினாள். "தை மாசம் எனக்குக் கண்ணாலம். அப்புறம் மட்டையத் தொட விடுவாங்களா?" என்றாள். எங்கள் யாருக்கும் அது தெரியாது. வள்ளியம்மாள், கடல் பார்த்ததில்லை என்றாள். ஜ்வாலாமாலினி, "காரணமெல்லாம் இல்ல, நிறுத்தினா அழுவேன்" என்றாள். சிரித்துவிட்டோம். ஆண்டாள், கேப்டன் இல்லாமல் எந்த டீமாவது போகுமா என்றாள். ரஞ்சிதம், "என்ன நிறுத்த ஓட்டு போட்ட நாலு பேரும் பாக்க நான் ஜெயிக்கணும்" என்றாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் என் முறை வந்தது. ஐந்து பேரில் ஒருத்தி வீட்டில் வாய் தவறினாலும் நைனா காதுக்கு வந்துவிடும். "எங்கக்கா கடலூர்ல இருக்குது. மூணு வருசமாப் பாக்கல. நேராப் போக எனக்கு வழியில்ல" என்றேன். பிறகு, "ரஞ்சிதம், உனக்கு விழுந்த நாலுல ஒண்ணு நான் போட்டது" என்றும் சொல்லிவிட்டேன். உனக்கு எழுதியபோது இருந்ததைவிட அதிகப் பயம்.

ரஞ்சிதம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத சொல்றதுக்கு மூணு நாளாடி உனக்கு?" என்றாள். அப்புறம், "நான் நின்னுக்கறேன். ஆனா ஒண்ணு, நாலு ஓட்டு விழுந்துச்சின்னு நிக்கல. நானா நிக்கறேன். அத அந்தத் தாள்ல எழுதுங்க" என்றாள்.

ஆண்டாள், "நீ இல்லாம தோத்துடுவோம்டி" என்றாள்.

"தோத்துட்டு வாங்க. எனக்கின்னா?"

தாளில் அப்படியே எழுதிக் கொடுத்தோம். டீச்சர் இரண்டு முறை படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.

அக்டோபர் பத்தாம் தேதி காலை ஆட்டம்.

அனந்தா

*

கடலூர்
28-9-1964

அனந்தாவுக்கு. நலம். பத்தாம் தேதி வருகிறேன். மஞ்சகுப்பம் மைதானத்தில் மேற்கு ஓரம் நிழலாக இருக்கும், அங்கே பார். ரஞ்சிதத்துக்குக் கொடுக்க ஒரு ரிப்பன் தைத்து வைத்திருக்கிறேன்.

தர்மவதி

*

செஞ்சி
14-10-1964

அக்காவுக்கு. நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். இருபத்தொன்பதுக்கு ஒன்பது, இருபத்தொன்பதுக்கு ஆறு என்று தோற்றதை ரஞ்சிதத்திடம் சொன்னதும், "ஆறா? வாரிக்கினு வந்திருக்கீங்க" என்றாள். ரிப்பனை மட்டும் வாங்கித் தலையில் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

உன்னை நிழலில் பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை அக்கா. உன் ரவிக்கை தோளில் நிற்கவில்லை. நான் கொண்டுவந்த புளிச்சோற்றை நீ சாப்பிட்ட வேகத்தைப் பார்த்துவிட்டு ரத்தினம்மாள் தன் டப்பாவையும் உன் பக்கம் தள்ளினாள். மாமா வரவில்லையா என்று கேட்டேன். ஆபீஸ் என்றாய். அன்று இரண்டாவது சனிக்கிழமை. திரும்பும்போது நீ வழிகாட்டுகிறேன் என்று கூட வந்தாயே, தையல் பள்ளி வாசலில் உன்னிடம் ஒரு பெண், "இன்னைக்கு ராத்திரி கூடத்துல இன்னொருத்தியும் படுப்பா, பாய ஓரமாப் போட்டுக்க" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

இனிமேல் எனக்கு 'நலம்' என்று எழுதாதே. என்ன நடந்தது என்று எழுது.

அனந்தா

*

கடலூர்
22-10-1964

அனந்தா,

அவர் தை மாதமே தஞ்சாவூருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். வீடு பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார். சித்திரை வரைக்கும் கடிதம் வந்தது. பிறகு, அவருடைய அம்மா தன் அண்ணன் பெண்ணைக் கட்டி வைத்துவிட்டதாகத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். நான் போய்ச் சண்டை போடவில்லை. அலுத்துவிட்டது.

தையல் பள்ளியின் கூடத்தில் படுத்துக்கொள்கிறேன். வேலை முடிய ஏழு ஏழரை ஆகிவிடுகிறது. விளக்கு வைத்த பிறகு சாப்பிட எனக்கு இன்னும் பழகவில்லை. பொழுதோடு சாப்பிடும் சமண வீட்டில் வளர்ந்த வாய் அப்படி. பல நாள் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறேன். அதனால்தான் இளைப்பு, வேறு நோய் இல்லை.

வீட்டில் சொல்லாதே. சொன்னால் நைனா மறுபடியும் பூ கட்டுவார். இன்னொரு தடவை அந்த இலைப் பொட்டலங்களுக்கு முன்னால் என்னால் நிற்க முடியாது.

தர்மவதி

*

செஞ்சி
30-10-1964

அன்புள்ள அக்காவுக்கு.

சொல்லிவிட்டேன். நீ சொல்லாதே என்று எழுதியிருந்தும் சொன்னேன். திட்டுவதானால் திட்டு.

நேற்று சாயங்காலம் ஐந்தரைக்கு எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். வெளியே இன்னும் வெயில் இருந்தது. நைனா தட்டில் கை வைக்கும்போது உன் கடைசிக் கடிதத்தை எடுத்து வாசித்தேன். இரண்டு வரி விட்டுப்போனது, திரும்ப வாசித்தேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நைனா எத்தனை நாளாக எழுதுகிறாய் என்று கேட்கவில்லை. நீ பயந்தபடியே, "நாளைக்குப் பூ கட்டிப் பாக்கலாம்" என்றார்.

"வேணாம் நைனா" என்றேன். "போன தடவ நான் பாத்துட்டுத்தான் எடுத்தேன். சிவப்பு வெளியில தெரிஞ்சிது. அக்கா போயிடக் கூடாதுன்னு வேணும்னே எடுத்தேன்."

நைனாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

நானே பேசினேன். "நாலு பேர் இருக்கோம். பூவும் வேணாம், சீட்டும் வேணாம். ஒவ்வொருத்தரா வாயால சொல்லுங்க. அக்கா வரலாமா, வேணாமா. எனக்கு வரணும்."

அம்மா, "எனக்கு எம் பொண்ணு வேணும். வேற இன்னா சொல்றது?" என்றாள்.

அண்ணன், "ஊரு சிரிக்கும்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "இப்ப மட்டும் இன்னா, சிரிச்சிக்கினுதான் இருக்குது. வரட்டும்" என்றான்.

நைனாவின் முறை. மூன்று சாயங்காலம் உட்கார்ந்தவள் நான், எனக்குக் காத்திருக்கத் தெரியும். வாசலில் வெயில் குறைந்துகொண்டே வந்தது. யாரும் சாப்பிடவில்லை. அம்மா எழுந்து விளக்கைத் துடைக்கப் போனாள். அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"பொழுதோட வந்து சேர்ற பஸ்ஸாப் பாத்து ஏறச் சொல்லு."

அவ்வளவுதான் சொன்னார். வரட்டும் என்று சொல்லவில்லை அக்கா, அதை நான் மறைக்க விரும்பவில்லை. கை கழுவிவிட்டுக் கடைப் பக்கம் போய்விட்டார். அதற்குள் இருட்டிவிட்டதால் நால்வரும் நேற்று பட்டினி.

பஸ் ஸ்டாண்டில் விசாரித்துவிட்டேன். கடலூரில் காலை பத்து மணிக்குள் ஏறினால் விழுப்புரத்தில் ஒரு மணி வண்டி கிடைக்கும். அது மூன்று மணிக்குச் செஞ்சிக்கு வந்துவிடும். அதை விட்டால் அடுத்தது இங்கே வந்து சேர ஏழு மணி ஆகிவிடும். அதில் ஏறாதே. ஒரு மணி வண்டியில் வா.

தங்கை,
அனந்தமதி